மீன் தொட்டிப் புழுவும் உன் அம்மாவின் இடது கையும்

ஜெபா,

இதைச் சொல்வதற்காக இந்த வாரம் மூன்று முறை உனக்குப் போன் போட்டேன். மூன்று முறையும் சாப்பிட்டாயா, அங்கே மழையா, ரூத் நன்றாக இருக்கிறாளா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கோர்ட்டில் நகல் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்து அடுத்தவர்களின் வாக்குமூலங்களை எழுத்துப் பிசகாமல் எழுதிக் கொடுத்தவன் நான். என்னுடையதை எழுதுவது இதுதான் முதல் தடவை. முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள். ஆபீசில் வைத்துப் படிக்காதே. ரூமுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து படி.

போன மாதம் வண்டியூரில் ரூத் வீட்டில் நிச்சயம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ ரூத்தின் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னாய். “எங்கப்பா எங்கம்மாவப் பாத்துக்கிட்டாரு பாருங்க மாமா, அந்த மாதிரி நான் ரூத்தப் பாத்துக்குவேன். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.” சொல்லிவிட்டு உன் போனில் இருக்கிற அம்மாவின் படத்தைக் காட்டினாய். நம் ஹாலில், கட்டிலில், அம்மா தூங்குகிற படம். பின்னால் தொட்டியின் வெளிச்சம். “கடைசிக் காலத்துல அம்மா முகத்துல எம்புட்டு நிம்மதி பாருங்க” என்றாய். ரூத்தின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் கை கழுவப் போகிறவனைப் போல எழுந்து போய், குழாயைத் திறந்துவிட்டபடி வெகுநேரம் நின்றேன். நீ அந்தப் படத்தை எடுத்த நாளில் அம்மா ஏன் அப்படித் தூங்கினாள் என்று உனக்குத் தெரியாது. தெரிந்தவன் நான். அடுத்த மாதம் நீ கல்யாணம் பண்ணப்போகிறாய். என்னைப் பார்த்து நீ ஒரு வாழ்க்கையைத் தொடங்குவதாக இருந்தால், என்னை முழுசாகப் பார்த்துவிட்டுத் தொடங்கு.

அம்மாவின் குரல் உனக்குத் தெரியும். கணக்கு டீச்சர். மைக் இல்லாமலே மைதானத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். ஆனால் அந்தக் குரலை இந்த வீட்டில் நான் கேட்டது ரொம்பக் குறைவு. சாயங்காலம் வந்ததும் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வெங்காயம் நறுக்குவாள். நான் பேப்பருக்குப் பின்னால் இருந்து ‘ம்’ போடுவேன். ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டு, “இப்ப நான் என்ன சொன்னேன்? சொல்லுங்க பாப்போம்” என்றாள், வகுப்பில் கேட்பதுபோல. எனக்குத் தெரியவில்லை. சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அதையும் நான் கேட்கவில்லை.

உனக்கு ஆறு வயதிருக்கும். சாத்தூர் சித்தி வீட்டுக்குப் போவதற்காக மாட்டுத்தாவணியில் நின்றோம். எந்த பஸ் முதலில் கிளம்பும் என்று விசாரித்துவிட்டு நான் திரும்பினால் உன்னைக் காணோம். அம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “பூ மார்க்கெட்டுப் பக்கம்தான் போயிருப்பான். வரும்போதே அந்த மூட்டைகளையே பாத்துக்கிட்டு வந்தான்” என்றாள். “ஒளறாத” என்று சொல்லிவிட்டு நான் பஸ்கள் வெளியே போகிற வாசலுக்கு ஓடினேன். அவள் பூ மார்க்கெட்டுக்குப் போனாள். செவ்வந்தி மூட்டைகளுக்கு நடுவில் நீ நின்றிருந்தாயாம். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் வந்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. பிள்ளையின் கையை விட்டுவிட்டாள் என்று விருதுநகர் வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். அவள் சொன்னதுதான் சரி என்று அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் செய்தது அம்மாவுக்குப் பேச்சு போன பிறகு எனக்குத் திடீரென்று வந்த குணம் இல்லை. அது முன்னாலேயே இருந்தது.

பக்கவாதம் வந்தபோது அம்மா ஓய்வு பெற்று இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வலது கையும் காலும் போயின. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல். ‘அது.’ பசித்தாலும் அது, வலித்தாலும் அது, உன்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாலும் அது. டாக்டர் உன்னையும் என்னையும் உட்கார வைத்துச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். “அவங்களுக்கு எல்லாம் புரியுது. சொல்ல வார்த்தைதான் வரல. நீங்கதான் பொறுமையாக் கண்டுபிடிக்கணும்.” நானும் தலையை ஆட்டினேன். வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு எட்டு மாதம் நீ கூட இருந்தாய். நீ இருந்தவரை கண்டுபிடித்தாய். புருவத்தைப் பார்த்தே இது டீக்கு, இது தலையணைக்கு என்று சொல்லிவிடுவாய். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வேன். கற்றுக்கொள்ளவில்லை.

டிவி போட்டால் அம்மாவுக்குத் தலை வலித்தது. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாளே என்றுதான் நீ அந்தத் தொட்டியை வைத்தாய். நான்கு அடிக் கண்ணாடி, உப்புத் தண்ணீர், சூடு ஏறாமல் இருக்க மேலே மின்விசிறிகள், கரண்டு போனால் மோட்டார் நிற்காமல் ஓட இன்வெர்ட்டர். சென்னையிலிருந்து கல் வாங்கி வந்து அடுக்கினாய். அதை லைவ் ராக் என்றாய். கல்லுக்கு என்னடா உயிர் என்று கேட்டேன். “அதுக்குள்ள ஆயிரம் உயிர் இருக்குப்பா” என்றாய். ஆரஞ்சு வரி மீன் இரண்டு, குட்டி நீல மீன் மூன்று, சிவப்பு இறால் ஒன்று, பிறகு அந்த மஞ்சள் மீன். விரல் நீளம்கூட இல்லை. கல்லின் ஒரு பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டி வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். கடைசி பெஞ்சில் இருந்து எட்டிப் பார்க்கிற பிள்ளை மாதிரி இருக்கிறது என்று நீ சொன்னதும் அம்மா சிரித்தாள். பாதி வாய்தான் சிரித்தது. அன்றைக்கு அவள் சொன்ன ‘அது’ எனக்கே புரிந்தது.

ஜூன் மாதம் பெங்களூருக்குத் திரும்பிப் போகச் சொல்லி உன் ஆபீசில் கட்டாயப்படுத்தினார்கள். போகிறதுக்கு முன்னால் உப்பு கலக்குவது, தண்ணீர் ஊற்றுவது, பரிசோதிப்பது எல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். நான் ஒரு நோட்டுப் போட்டுத் தினமும் எழுதினேன். காலையில் ஆறு மணிக்கு வந்து மத்தியானம் மூன்று மணி வரை அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பாண்டியம்மாவை அமர்த்தினோம். மற்ற நேரத்துக்கு நான். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வேன். உன் போன் வரும்போதெல்லாம், “எல்லாம் நல்லாப் போகுதுடா” என்பேன். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது.

ஆகஸ்டில் ஒரு நீல மீன் காணாமல் போனது. உனக்குச் சொன்னேன். “குதிச்சிருக்கும்ப்பா, கட்டிலுக்கு அடியில பாருங்க” என்றாய். பார்த்தேன், இல்லை. பத்து நாளில் அடுத்ததும் இல்லை, பிறகு மூன்றாவதும் இல்லை. செத்தால் மிதக்க வேண்டும், எலும்பாவது கிடக்க வேண்டும், ஒன்றும் இல்லை. அதே சமயத்தில்தான் அம்மாவின் கூப்பாடு தொடங்கியது. விடிவதற்கு முன்னால், தொட்டி விளக்கு எரியாத நேரத்தில், ஜீரோ வாட் பல்பு மட்டும் எரியும். அப்போது இடது கையால் கட்டில் கம்பியை அடிப்பாள். “அது! அது! அது!” நான் எழுந்து தண்ணீர் கொடுப்பேன். தள்ளிவிடுவாள். பெட்பேன் வைப்பேன், வேண்டாம். புரட்டிப் படுக்க வைப்பேன், மறுபடி இந்தப் பக்கமே திரும்பப் பார்ப்பாள். கையை நீட்டிக்கொண்டே இருப்பாள். ஜன்னலா, விசிறியா, சிலுவையா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்பேன். தொட்டியா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தொட்டி அவளுக்குச் சந்தோஷம் கொடுக்கிற சாமான் என்று என் மனசில் முடிவாகிவிட்டது.

ஜெபா, தினமும் தூக்கம் கெட்டதைச் சாக்காகச் சொல்லமாட்டேன். ஆனால் கெட்டது உண்மை. ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள், “என்னதான் வேணும் உனக்கு? மனுசனத் தூங்க விடமாட்டியா?” என்று கத்தினேன். அம்மா கம்பியை அடிப்பதை நிறுத்தினாள். அப்புறம் மெதுவாக, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, கையை மறுபடி நீட்டி “அது” என்றாள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பாண்டியம்மா ஒருநாள் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னாள். “சார், டீச்சர் தண்ணியும் கேக்கல ஒன்னும் கேக்கல. அந்த மீன் பொட்டியத்தான் காட்டுறாக. உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு. எனக்கென்னமோ அப்படித்தான் படுது.” நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “உன் வேலையப் பாரும்மா. தொட்டியப் பத்தி உனக்கென்ன தெரியும்” என்றேன். அவள் சீப்பை மறுபடி எடுத்துக்கொண்டாள். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரிடம் போனேன். அவர் ஒழுங்காகத்தான் கேட்டார். “வலி ஏதும் இருக்கா? யூரின்ல பிரச்சினையா? எதையாவது பாத்து பயப்படுறாங்களா? காரணம் இல்லாம இப்படி இருக்கமாட்டாங்களே.” நான், “ஒன்னும் இல்ல சார். நல்லாத்தான் பாத்துக்கிறோம். புத்திதான் கொஞ்சம் தடுமாறுது” என்றேன். உலகத்தில் நான் பார்த்ததிலேயே தெளிவான புத்தியைப் பற்றி அப்படிச் சொன்னேன். அவர் என் பேச்சை நம்பி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைக் கொடுத்ததும் அம்மா ராத்திரி எட்டு மணிக்குத் தூங்கினால் காலையில் ஒன்பது வரை எழுந்திருக்கவில்லை. பகலிலும் கண் செருகியே இருக்கும். நான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்த வாரக் கடைசியில்தான் நீ வந்தாய். “அம்மா எவ்வளவு அமைதியாயிட்டாங்கப்பா” என்றாய். அந்தப் படத்தை எடுத்தாய். நீ பார்த்தது நிம்மதி இல்லை. மாத்திரை.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. நீ திரும்பிப் போன இரண்டாம் நாள் மாத்திரையையும் மீறி விடியற்காலையில் அம்மா விழித்துக்கொண்டாள். கம்பியில் அடித்து அடித்து விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. நான் ஒரு துண்டை எடுத்து அந்தக் கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். காயம் படாமல் இருக்கத்தான் கட்டுகிறேன் என்று அவளிடமும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். அவளிடம் மிச்சம் இருந்தது ஒரு சொல்லும் ஒரு கையும். அந்தக் கையைத்தான் கட்டினேன். அம்மா அழவில்லை. சத்தமும் போடவில்லை. பாண்டியம்மா வருகிற நேரத்துக்கு அவிழ்த்துவிட்டேன், அவள் பார்த்துவிடக் கூடாது என்று. தப்பு என்று தெரியாமல் செய்தவன் அப்படி அவசரமாக அவிழ்க்கமாட்டான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு மத்தியானம் பெரிய மழை பிடித்தது. அதற்கு முந்தின நாளே மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. மழை விட்டதும் வாங்கலாம் என்று இருந்தேன். அதனால் அம்மா தெளிவாக விழித்திருந்தாள். இரண்டு மணிக்கெல்லாம் வீடு இருட்டிவிட்டது. கரண்டு போனது. இன்வெர்ட்டரில் தொட்டி மோட்டார் மட்டும் ஓடியது, விளக்கு இல்லை. பாண்டியம்மா செல்போன் டார்ச்சைச் சாய்த்து வைத்துக்கொண்டு அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு ஹாலுக்கு வந்தேன். திடீரென்று அம்மா ஸ்பூனைத் தட்டிவிட்டாள். கை நீண்டது. பாண்டியம்மா அந்தப் பக்கம் டார்ச்சைத் திருப்பினாள்.

அடிக்கல்லின் பொந்திலிருந்து என் நடுவிரல் கனத்துக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் பட்ட தண்ணீர் போல அதன்மேல் பல நிறம் மினுங்கியது. தலையில் ஐந்து கொம்பு, அதற்குக் கீழே குறடு மாதிரி வாய். அசையாமல் நின்றது. மஞ்சள் மீன் தன் பொந்திலிருந்து பாதி வெளியே வந்து அந்தப் பக்கம் நீந்தியது. அடுத்த நொடி மீன் அங்கே இல்லை. புழுவும் இல்லை. மணல் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது. பாண்டியம்மா, “அய்யோ மாரியாத்தா!” என்று கத்திக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தொட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை, சத்தமில்லாமல் சொன்னாள். “அது.”

எத்தனை நாள் அந்த இருட்டில் அவள் தனியாக அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள் என்று நினைத்துப் பார். ஒவ்வொரு மீனாகப் போவதைப் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு ஆள் படுத்திருக்கிறான். எழுப்பினால் தண்ணீர் கொடுக்கிறான், கத்துகிறான், மாத்திரை கொடுக்கிறான், கையைக் கட்டுகிறான்.

அன்றைக்குச் சாயங்காலம் உனக்குப் போன் செய்து புழுவைப் பற்றி மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. நீதான் பதறினாய். “அய்யோ, நான் வாங்கிட்டு வந்த கல்லுலதான்ப்பா வந்திருக்கும். நூல் மாதிரி இருந்தப்ப உள்ள இருந்திருக்கும். என் தப்பு” என்றாய். உன் தப்பு இல்லை என்று அப்போதே சொன்னேன், இப்போதும் எழுதித் தருகிறேன். அதற்கு பாபிட் புழு என்றோ என்னவோ பெயர் சொன்னாய். “கைய விட்றாதீங்க, கடிச்சிரும். வெட்டியும் விட்றாதீங்க. பாதி உள்ள நின்னுட்டா அது மறுபடி வளந்தாலும் வளந்திரும். முழுசா எடுக்கணும்” என்றாய். நீ சொன்னபடி பாட்டிலில் ஓட்டை போட்டு, இறால் சதையை வைத்து இறக்கினேன். மூன்று நாள் வைத்தேன். சதை போய்விடும், பாட்டிலில் ஒன்றும் இருக்காது. மேற்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கல்லைத் தனியாக வெளியே எடுத்து, பொந்தில் சோடாவை ஊற்றினால் மூச்சு முட்டி வெளியே வரும் என்றாய். ஆனால் ஐந்து கல்லில் எது அதன் வீடு என்று தெரியவேண்டும். “ஒரு பொந்துல பாத்தீங்கன்னா அங்கதான் இருக்கும்னு சொல்ல முடியாதுப்பா” என்றாய்.

அப்போதுதான் அம்மாவிடம் போனேன். கோர்ட்டில் நில வழக்குக்கு வரைபடம் நகல் எடுப்பதுபோல ஒரு தாளில் ஐந்து கல்லையும் வரைந்தேன். அட்டையில் வைத்து அவள் முன்னால் பிடித்தேன். “கிரேஸ், எங்கெங்க பாத்த?” என்று கேட்டேன். அவள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் என் சட்டைப் பையிலிருந்த பென்சிலுக்குக் கையை நீட்டினாள். எழுத்து வரவில்லை என்று ஆஸ்பத்திரியிலேயே பார்த்துவிட்டார்கள். படம் வருமா என்று பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. இடது கையால் மூன்று வட்டம் போட்டாள். இரண்டு வட்டம் அடிக்கல்லில், ஒன்று அதன்மேல் சாய்ந்திருந்த கல்லுக்குப் பின்பக்கம். பிறகு மூன்றையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தாள். மூன்று இடத்தில் தெரிந்தாலும் ஒன்றுதான் இருக்கிறது, அடியோடு ஓடுகிறது என்று அர்த்தம். கணக்கு டீச்சர் இல்லையா. கோட்டை முடித்துவிட்டு, பதில் எழுதியபின் சிலேட்டை நீட்டுகிற பிள்ளையைப் போல பென்சிலை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினோம். மிச்சமிருந்த மீன்களையும் இறாலையும் டப்பில் மாற்றினேன். சோடா வாங்கிவரப் பாண்டியம்மாவை அனுப்பினால், வாசல் வரை போய்த் திரும்பி, “பன்னீர் சோடாவா சார், சாதாவா?” என்று கேட்டாள். புழுவுக்குப் போய் பன்னீர் சோடாவா என்றேன். அம்மாவின் பாதி வாய் அன்றைக்குத்தான் கடைசியாகச் சிரித்தது. நீளமான ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அந்த இரண்டு கல்லையும் பிரிக்காமல் ஒன்றாகத் தூக்கி, காலி வாளியில் வைத்தேன். கோலி சோடா ஆறு பாட்டில். ஒவ்வொன்றாக உடைத்து அம்மா வட்டம் போட்ட பொந்துகளில் ஊற்றினேன். நுரை பொங்கியது. ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் மூன்றாவது வட்டத்தில், கல்லுக்குப் பின்பக்கம், நான் என் புத்தியில் தேடியே இருக்கமாட்டாத இடத்தில் தலை வந்தது. “இழுக்காதீக சார், அதுவா வரட்டும்” என்று பாண்டியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு பாட்டிலை ஊற்றினோம். வந்தது, வந்துகொண்டே இருந்தது. வால் தெரிந்த பிறகுதான் அவள் இடுக்கியால் பிடித்து வெளியே போட்டாள். என் கையைவிட நீளம். முழுசாக, ஒரே துண்டாக வந்தது. சாதாத் தண்ணீர் வாளியில் போட்டதும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “போயிருச்சு கிரேஸ். நீதான் புடிச்சுக் குடுத்த” என்றேன். வாளிக்குள் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். கண் ஓரத்தில் தண்ணீர் இறங்கித் தலையணைக்குள் போனது. உனக்கு வீடியோ காலில் புழுவைக் காட்டியபோது, “சூப்பர்ப்பா! அம்மாவும் பாத்தாங்களா?” என்று கேட்டாய். “பாத்தா, பாத்தா” என்றேன். அதுவும் உண்மைதான்.

அதற்குப் பிறகு மாத்திரையை நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பாண்டியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “எங்கிட்ட எதுக்கு சார்” என்று சொல்லிவிட்டுத் துணி அலசப் போய்விட்டாள். தொட்டியில் இரண்டு வரி மீனும் இறாலும் மிஞ்சின. தண்ணீர் தெளிந்தது, விளக்கு எரிந்தது. ஆனால் அம்மா தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. கட்டிலைத் திருப்பிப் போடவா என்று கேட்டேன், ‘அது’ என்றாள். திருப்பிப் போட்டேன். உன்னிடம் வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்று சொன்னேன். கடைசி வரை மீன்கள்தான் அம்மாவுக்குத் துணை என்று அடக்கத்தன்று நீ எல்லோரிடமும் சொன்னாய். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஜெபா. இன்னொன்றும் நின்றுபோனது. கை நீட்டுவது. அதற்கு முன்னால் நாளைக்கு நூறு தடவை எதையாவது காட்டுவாள். அந்த இரண்டரை மாதத்தில் எதையும் காட்டவில்லை. நான் கேட்டால் பதில் சொல்வாள். அவளாக எதையும் என்னிடம் சொல்ல வரவில்லை.

கேட்பதற்கு ஒரு வழி வைத்துக்கொண்டோம். அவள் இடது கையை என் கைக்குள் வைத்துக்கொள்வேன். ஒரு தடவை அழுத்தினால் ஆமாம், இரண்டு தடவை அழுத்தினால் இல்லை. ஒரு வருஷம் கழித்து வந்த புத்தி. டீ வேணுமா, ஒரு தடவை. விசிறியைக் குறைக்கவா, இரண்டு தடவை. ஜெபாவுக்குப் போன் போடவா, ஒரு தடவை, அழுத்தமாக. ஒருநாள் மாட்டுத்தாவணி நினைவிருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி என்றேன். அதற்கு அவள் அழுத்தவில்லை. அது கேள்வி இல்லையே.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருந்தது. அந்தத் துண்டைக் கட்டியதற்கும் மாத்திரைக்கும் சேர்த்து, என்னை மன்னித்துவிட்டாயா என்று. தினமும் கேட்கலாம் என்றுதான் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். ஒரு தடவை அழுத்திய பிறகு இன்னொரு தடவையும் அழுத்திவிடுவாளோ என்று பயம். டீ வேணுமா என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுவேன். டிசம்பரில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோமே, நீ வந்து சேர்வதற்கு முந்தின நாள் முழுக்க அவள் கை என் கைக்குள்தான் இருந்தது. நினைவும் நன்றாக இருந்தது. அன்றைக்கும் கேட்கவில்லை. மறுநாள் அந்தக் கையில் அழுத்துவதற்குத் தெம்பு இல்லை.

புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் அப்பன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ரூத் ஒன்றைச் சொல்லும்போது அது உனக்குப் புரியவில்லை என்றால், அதில் அர்த்தம் இல்லை என்று முடிவு பண்ணிவிடாதே. அவள் சொல்வதை நிறுத்தி அமைதியாகிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சந்தோஷப்படாதே. தப்புச் செய்தால் அன்றைக்கே கேட்டுவிடு. பதில் ‘இல்லை’ என்று வந்தாலும் வாங்கிக்கொள். இந்தக் கடிதத்தை அவளும் படிக்கவேண்டும் என்று உனக்குத் தோன்றினால் கொடு. எனக்குச் சம்மதம்.

அம்மாவிடம் கேட்காததை இப்போது உன்னிடம் கேட்கிறேன். உன் அம்மாவுக்கு நான் செய்ததை உன்னால் மன்னிக்க முடியுமா? ஆமாம் என்றால் வந்து சொல். இல்லை என்றாலும் வந்து சொல். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் வா. திட்டுவதாக இருந்தால் திட்டு, நான் குறுக்கே பேசமாட்டேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, ராசா. இந்த வீட்டில் அதை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது.

அப்பா
தல்லாகுளம்